உப்பு போட்டாச்சா, ஊவான்?

"ஏய், உன் நாக்கு ஒழுங்கா வேலை செய்யுமா?"

ரூம்மேட் இப்படிக் கேட்டபோது நான் அசைன்மென்டைத் திறந்து வைத்துவிட்டு ஃபோனை நோண்டிக்கொண்டு இருந்தேன். பேசுறதுக்குன்னா சூப்பரா வேலை செய்யும் என்றேன். "அது தெரியும் லா. ருசி பாக்குறதுக்கு?" என்றாள்.

விஷயம் இதுதான். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் அவள் கம்பத்தில் ரெண்டாங் சமைப்பார்கள். சமைப்பது அவளுடைய பாட்டி. நெகிரி செம்பிலானில் பாட்டியை 'ஊவான்' என்று கூப்பிடுவார்கள். ஊவானுக்கு எழுபத்தெட்டு வயது. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் கடைசி நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஊவான் அதையும் செய்ய மாட்டாராம். சின்னப் பிள்ளைகளை ருசி பார்க்கச் சொன்னால் அந்தக் காரத்துக்கு ஊரைக் கூட்டிவிடும். ஆக, நோன்பு இல்லாத, காரம் தாங்கக்கூடிய, வாய் திறந்து சொல்லக்கூடிய ஓர் ஆள் தேவை.

மூன்று வருடமாக ஒரே அறையில் இருக்கிறோம். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து முறுக்கு பிழிகிறேன் என்று பாதி மாவைத் தரையில் பிழிந்தவள் அவள். பதிலுக்கு நான் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? பையில் நாலு சுடிதார், ஒரு நோட்டுப் புத்தகம், பேக்கிங் செய்யும் தோழியிடம் கடன் வாங்கிய சின்ன எலக்ட்ரானிக் தராசு. அந்தத் தராசு எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

கொம்யூட்டர் ரயிலில் சிரம்பான். அங்கிருந்து கோலா பிலாவுக்குப் பஸ். பெருநாள் நேரம் ஆனதால் ரயிலில் நிற்க இடமில்லை. ஆளுக்கொரு பெட்டி, குழந்தை, பிஸ்கெட் டின். புக்கிட் பூத்தூஸ் மலை ஏறும்போதுதான் ரூம்மேட் மெதுவாக இன்னொரு விஷயத்தைச் சொன்னாள்.

"போன வருஷம் ரெண்டாங் உப்பு."

"கொஞ்சமா?"

"கடல் தண்ணியில வேக வச்ச மாதிரி."

ஊவான் உப்பைப் போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கிறார். ஒருவேளை மூன்றாவது முறையும். பெருநாள் காலையில் முதல் வாய் வைத்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. பெரியத்தை மக் லோங், மாமாக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் "செடாப், ஊவான், செடாப்" என்று சொல்லிச் சொல்லி, தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கியிருக்கிறார்கள். செடாப் என்றால் ருசி. மீதியை மக் லோங் ராத்திரியில் எடுத்துக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டார். இந்த வருடம் பேசாமல் வெளியில் ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. ஊவான் அந்தக் குழுவில் இல்லை.

"நீதான் அவங்க வீட்டு ஆள் இல்லையே, உன்னாலதான் சொல்ல முடியும்" என்றாள் ரூம்மேட்.

எனக்குப் பகீர் என்றது. ருசி பார்க்க வரச் சொன்னாள் என்று வந்தால், இது வேற லெவல் வேலையாக இருக்கிறதே! அடுத்தவர் வீட்டுப் பாட்டியிடம், அவருடைய சொந்த அடுப்படியில் நின்றுகொண்டு, உப்பு ஜாஸ்தி என்று சொல்வதா? என் பாட்டியிடம் நான் இப்படிச் சொன்னால் கரண்டி பறக்கும்.

கோலா பிலா நம் காலேஜ் பிள்ளைகளின் டூர் லிஸ்ட்டில் வராத ஊர். பெரிய மால் எல்லாம் தேடாதீர்கள். ஆனால் பஸ் ஜன்னல் வழியே கூரைகளைப் பாருங்கள். எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் மேலே வளைந்திருக்கும். பல நூற்றாண்டுகளுக்கு முன் சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்கள் தங்கள் கூரையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்தில் ஸ்ரீ மெனாந்தியில் 1908-ல் கட்டி முடித்த பழைய மர அரண்மனை இருக்கிறது. 99 தூண்கள். நேரம் இருந்தால் அவசியம் போங்கள். எனக்கு இருக்கவில்லை.

கூரையோடு இன்னொன்றும் கொண்டுவந்தார்கள், அடாட் பெர்பாத்தே. நம்ம ஊர் ஆண்பிள்ளைகள் கேட்டால் முகம் சுளிப்பார்கள்! பரம்பரை நிலமும் வீடும் பெண் வழியாகத்தான் போகும். அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. குலமும் அம்மா வழிதான். 1926-ல் வந்த மரபு நில உரிமைச் சட்டத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, ஊவானின் இந்தப் பெரிய மரவீடு, மக் லோங்குக்கு மகள் இல்லாததால், சுற்றிச் சுற்றிக் கடைசியில் யாரிடம் வரும் தெரியுமா? முட்டை பொரித்தால் கரித்துவிடும் என் ரூம்மேட்டிடம்.

"வீடு வரும். கையும் சேந்து வரணுமே" என்றாள் அவளே.

மலாய்க்காரர்கள் 'ஆயர் தாங்கான்' என்பார்கள். கைத்தண்ணீர். ஒரே சாமான், ஒரே அடுப்பு, ஆனால் ஒருவர் சமைத்தால் மட்டும் ருசி வருகிறதே, அது. நாம் கைப்பக்குவம் என்கிறோம்.

வீட்டுக்குள் நுழைந்து ஊவானின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். மெலிந்த உடம்பு, பூப்போட்ட கைலி, தலையில் வெள்ளைத் துணி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் கேள்வி எப்படி இருக்கிறாய் என்பது அல்ல.

"நீ மாடு சாப்பிட மாட்டே, இல்ல?"

"ஆமா, ஊவான்."

அவ்வளவுதான். கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு புத்தம் புதுக் குவாலி சுவரில் தொங்கியது. விலை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. முப்பத்தெட்டு வெள்ளி. பக்கத்தில் புதுக் கரண்டி. "இது உனக்கு. இதுல மாடு பட்டதே இல்ல. கோழி ரெண்டாங், உனக்கும் உன் அம்மாவுக்கும்" என்றார். என் அம்மாவை அவர் பார்த்ததுகூடக் கிடையாது. தீபாவளிக்கு ரூம்மேட் வந்தபோது அம்மா அவளுக்காக ஹலால் கடையில் கோழி வாங்கி, புதுச் சட்டி இறக்கிச் சமைத்தார். அதை அவள் இங்கே வந்து சொல்லியிருக்கிறாள். அதற்குப் பதில்தான் இந்தக் குவாலி. எனக்குப் பேச்சு வரவில்லை. ஸ்டிக்கரைக் கிழிப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வேலை ஆரம்பம். பன்னிரண்டு தேங்காய். முற்றத்தில் மாமாக்கள் உரித்துப் போட, கொல்லையில் ஒரு மரப்பலகையில் குதிரை ஏறுவது போல் உட்கார்ந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு நாக்கில் ஊவான் துருவினார். கிட்டத்தட்ட நம் பாட்டிகளின் தேங்காய்த் துருவிதான். டவுனில் மெஷினில் துருவித் தருவார்கள். இந்த வீட்டில் அது நடக்காது. முதல் பால் கெட்டியாகத் தனி, இரண்டாம் பால் தனி.

அடுப்படிச் சாமான்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. என் பாட்டி பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் கித்தா மரம் வெட்டியவர். இங்கேயிருந்து ரொம்பத் தூரமில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகுதான் எங்கள் குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. நாம் 'கம்பம்' என்று தமிழாக்கிக்கொண்டது அவர்களின் கம்போங். அவர்கள் 'கெடாய்' என்பது நம் கடை. 'காரி' என்பது நம் கறி. 'மெம்பெலாம்' நம் மாம்பழம். ரெண்டு அடுப்படிக்கும் நடுவில் வார்த்தை மட்டுமா போய் வந்திருக்கும்? ஊவான் வீட்டிலும் அம்மி இருக்கிறது. அசாம் கெப்பிங் என்று காய்ந்த புளிப்பு வில்லைகள் போடுகிறார்கள். அது குடம்புளிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. இன்னொன்று கேளுங்கள். இந்த மாநிலத்தில் கெமெஞ்சே பக்கம் 'மாமான்' என்ற கீரையில் ரெண்டாங் செய்வார்கள். ஊவான் கொல்லையிலும் ரெண்டு செடி நின்றது. போட்டோ எடுத்துப் பாட்டிக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ்: "அடியே, இது நம்ம வேளைக்கீரைடி!"

சரி, ரெண்டாங்குக்கு வருவோம்.

ஊவானிடம் அளவு கேட்டால் ஒரே பதில்தான், 'அகாக் அகாக்'. அதாவது, குத்துமதிப்பாக. எவ்வளவு செரை? அகாக் அகாக். எவ்வளவு மஞ்சள்? அகாக் அகாக். ரூம்மேட் தராசு எடுத்துவரச் சொன்ன ரகசியம் அப்போதுதான் புரிந்தது. ஊவான் எதைக் கையில் எடுத்தாலும் அதற்குக் கீழே நான் ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய் நீட்டுவேன். "ஊவான், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்." கிண்ணத்தில் போடச் சொல்லி, தராசில் வைத்து, நோட்டில் எழுதி, அப்புறம்தான் அம்மிக்கு விடுவேன். ட்ராஃபிக் போலீஸ் வேலை. முதல் பத்து நிமிடம் ஊவானுக்குச் சிரிப்பு. அடுத்த பத்து நிமிடம் எரிச்சல். அப்புறம் பழகிவிட்டது. தானே கையை நீட்டி, "ம்ம், நிறு" என்றார்.

ஐந்து கிலோ மாட்டிறைச்சி, மூன்று கிலோ கோழி, ரெண்டுக்கும் சேர்த்து அரைப்பு. சிலி ஆப்பி மட்டும் 400 கிராம்! ஆப்பி என்றால் நெருப்பு. நாம் பறவை மிளகாய், சீலி பாடி என்கிறோமே, அதே ஊசி மிளகாய்தான். நெகிரிக்காரர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. மற்ற ஊர் ரெண்டாங் சிவப்பாக, கருப்பாக இருக்கும். பேராவின் ரெண்டாங் தோக் கருகரு என்று உலர்ந்திருக்கும். பல ஊர்களில் தேங்காயை வறுத்து இடித்த கெரிசிக் சேர்ப்பார்கள். ஊவான் வீட்டில் காய்ந்த மிளகாயும் கிடையாது, கெரிசிக்கும் கிடையாது. பச்சை மஞ்சளும் சிலி ஆப்பியும்தான் நிறம். "கெரிசிக் எதுக்கு? தேங்காய்ப் பாலை அவசரப்படுத்துறவங்களுக்கு" என்றார். பேரா வாசகர்கள் என்னை அடிக்க வர வேண்டாம். நான் சொல்லவில்லை, ஊவான் சொன்னது.

ஒரு பெரிய சந்தேகம் எனக்குத் தீர்ந்தது இங்கேதான். ரெண்டாங் என்பது ஒரு குழம்பின் பெயர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது ஒரு கட்டத்தின் பெயர். தேங்காய்ப் பாலும் அரைப்பும் கொதித்துத் தளதள என்று இருக்கும்போது அதற்குப் பெயர் குலாய். சுண்டிச் சுண்டிக் கெட்டியாகி எண்ணெய் எட்டிப் பார்க்கும்போது மினாங்கபாவ் பேச்சில் காலியோ. அதையும் தாண்டி, தண்ணீர் எல்லாம் போய், தேங்காய்ப் பாலிலிருந்து பிரிந்த எண்ணெயிலேயே இறைச்சி மெல்ல வறுபட்டு நிறம் மாறினால்தான் ரெண்டாங். ஒரே பானை, மூன்று பெயர், நாலு மணி நேரம்.

2018-ல் லண்டனில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? மாஸ்டர்செஃப் யூ.கே. போட்டியில் மலேசியாவில் பிறந்த ஒரு பெண்மணி நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் வைக்க, தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே அணியில் நின்று சண்டை போட்டது அப்போதுதான். தேங்காய்ப் பாலில் வெந்தது எப்படி மொறுமொறுக்கும்? அன்றைக்கு நானும் சேர்ந்து மீம் போட்டேன். ஆனால் ஏன் மொறுமொறுக்காது என்பது எனக்கே தெரியாது. அரசியல் உணர்ச்சி மட்டும்தான்.

பத்து மணிக்கு விறகு அடுப்பு மூட்டியாகிவிட்டது. பெரிய பானையில் அரைப்பும் தேங்காய்ப் பாலும். என் புதுக் குவாலியில் அதே கலவை கொஞ்சம். தட்டிப் போட்ட செரை, லெங்குவாஸ், கிழித்துப் போட்ட மஞ்சள் இலை. பால் திரிந்துவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை எடுத்தால் போச்சு. ஜிம்முக்குப் பணம் கட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்த அடுப்படிக்கு வரவும்.

இறைச்சியை ஏன் முதலிலேயே போடவில்லை என்று கேட்டேன். ஊவான் என்னைப் பார்த்தார்.

"மாடு போட்டுட்டா நீ எப்படி ருசி பார்ப்பே?"

எனக்காக வரிசையை மாற்றியிருக்கிறார்! வழக்கமாக இறைச்சியும் ஒன்றாகவே இறங்குமாம். இந்த வருடம் குழம்பை முதலில் கூட்டி, நான் ருசி பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மாடு பானைக்குள் போகும்.

உப்பு ஜாடியை எடுத்தார். நான் கிண்ணத்தை நீட்டினேன். ரெண்டு கை. 60 கிராம். பானையில் விழுந்தது. கிண்டினார். ஒரு கரண்டியில் எடுத்து ஊதி ஆறவைத்து எனக்கு நீட்டினார். சுற்றிலும் பதினோரு பேர். அத்தனை பேரும் காலை நாலரை மணிக்குச் சாப்பிட்டவர்கள், அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர்கள். அவர்கள் முன்னால் நான் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். வாழ்க்கையில் எத்தனையோ வைவாவுக்குப் போயிருக்கிறேன். இந்த மாதிரி வேர்த்ததில்லை.

முதலில் தேங்காய்ப் பாலின் இனிப்பு. அப்புறம் செரை. அப்புறம் நெருப்பு! காது வரை சுட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னேன், "உப்பு கம்மியா இருக்கு, ஊவான்."

ரூம்மேட் முகம் வெளுத்துவிட்டது. உப்பு ஜாஸ்தி ஆகக் கூடாது என்று கூட்டிக்கொண்டு வந்தால், இவள் இன்னும் போடச் சொல்கிறாளே!

ஊவான் சிரித்தார். "கம்மியாத்தான் இருக்கணும். இப்ப இது குலாய். இவ்வளவு தண்ணியும் போயிடும். உப்பு எங்க போகும்? இங்கயேதானே இருக்கும். இப்ப சரியா இருந்தா சாயங்காலம் வாயில வைக்க முடியாது. இப்ப பத்தலைன்னு தோணணும். அதுதான் கணக்கு."

நோட்டில் அதை அப்படியே எழுதினேன். எழுதும்போது ஒன்று புரிந்தது. இந்தக் கைக்கு எதுவும் மறக்கவில்லை. கணக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. போட்டோமா இல்லையா என்பது மட்டும்தான் நழுவுகிறது.

என் குவாலிக்கு உப்பு போட வந்தபோது ஜாடியை என்னிடம் கொடுத்துவிட்டார். "இது உன் சட்டி. நீயே போடு." நான் பயந்து பயந்து ஒரு ஸ்பூன் போட்டேன்.

அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ வந்தார்கள். கெதுப்பாட் பின்னத் தென்னங்குருத்து கேட்டார்கள். ஊவான் எழுந்துபோய்ப் பேசினார், குருத்து எடுத்துக்கொடுத்தார், திரும்பி வந்தார். பத்து நிமிடம் இருக்கும். அடுப்பைப் பார்த்தார். கிண்டினார். கை தானாக உப்பு ஜாடிக்குப் போனது.

அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது. மக் லோங் வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தார். மாமா ஒருவர் ஃபோனை எடுத்தார். ரூம்மேட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாருக்கும் தெரிகிறது. எல்லாரும் காத்திருக்கிறார்கள். என்னைப் பார்க்காமலே என்னைப் பார்க்கிறார்கள்.

ஏதாவது சாக்குச் சொல்லி ஜாடியை வாங்கி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். 'நிறுக்கணும், ஊவான்' என்று சொன்னால் போதும். கொடுத்துவிடுவார். அந்த நேரத்தில் ஏனோ அது திருட்டு மாதிரித் தோன்றியது.

"உப்பு போட்டாச்சு, ஊவான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "60 கிராம். எழுதி வச்சிருக்கேன்."

ஊவான் கை ஜாடிக்குள்ளேயே நின்றது. நோட்டைக் கேட்டார். நீட்டினேன். நான் எழுதியிருந்தது தமிழில். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியுமே! விரலை அந்த 60-ன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கையை ஜாடியிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டார்.

"போன வருஷம் உப்பா இருந்துச்சு, இல்ல?"

யாரும் பேசவில்லை.

"பெருநாள் அன்னிக்கு மத்தியானமே என் பானை காலியாயிடும். நாப்பது வருஷமா அப்படித்தான். போன வருஷம் ராத்திரி வரை முக்கால் பானை இருந்துச்சு. காலையில பார்த்தா இல்ல. கோழிக்கூண்டுப் பக்கம் எறும்பு மொய்ச்சுது" என்று சொல்லிக்கொண்டே கிண்டினார். கோபம் இல்லை. வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரி சொன்னார். "எனக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா, நான் அதுல உருளைக்கிழங்கு போட்டுச் சரி பண்ணியிருப்பேன். ஐஞ்சு கிலோ கறி!"

மக் லோங் அழுதுவிட்டார். ஊவான் அவரை அதட்டினார். நோன்பு நேரத்தில் அழுதால் தாகம் எடுக்கும் என்று. அப்புறம் ரூம்மேட் பக்கம் திரும்பி, கரண்டியை நீட்டி, "வா, நீ கிண்டு. நான் உக்காந்து பாக்குறேன்" என்றார்.

அடுத்த மூன்று மணி நேரம் கிண்டியது அவள்தான். ஊவான் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அடுப்பை இழுத்தாள், தள்ளினாள், அடியைச் சுரண்டினாள், ரெண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டாள். நடுநடுவே ஊவான் "உப்பு போட்டாச்சா?" என்று கேட்பார். இப்போது வெளிப்படையாகவே. "போட்டாச்சு, ஊவான்" என்று அடுப்படியே கோரஸ் பாடும். நாலாவது தடவை கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது மறந்து கேட்டதா, எங்களை வம்புக்கு இழுக்கக் கேட்டதா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

வெளியே ஆண்கள் லெமாங் சுட்டார்கள். மூங்கில் குழாய்க்குள் இளம் வாழையிலையைச் சுருட்டிச் செருகி, ஊறவைத்த ஒட்டரிசியும் உப்புப் போட்ட தேங்காய்ப் பாலும் ஊற்றி, இரும்புக் கம்பியில் வரிசையாகச் சாய்த்து, தணலில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். அதுவும் நாலைந்து மணி நேர வேலை. பார்க்க அழகு, பக்கத்தில் போனால் புருவம் கருகும். அதைப் பற்றி எழுத மாமாக்கள் யாராவது வரட்டும். நான் அடுப்படிக் கட்சி.

இருட்டுகிற நேரம் பாங்கு சொன்னதும் முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர். அப்புறம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மக் லோங் ஒரு துண்டு லெமாங்கில் ரெண்டாங்கைத் தொட்டு வாயில் போட்டார். மென்றார். ஊவான் அவர் முகத்தையே பார்த்தார்.

"கொஞ்சம் காரம்" என்றார் மக் லோங்.

"அது அப்படித்தான் இருக்கும்" என்றார் ஊவான். முப்பது வருடத்தில் மக் லோங் தன் அம்மாவின் சமையலில் ஒரு குறை சொன்னது அதுதான் முதல் தடவை என்று ரூம்மேட் என் காதில் சொன்னாள்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, ஊவான் கைக்கணக்கை நான் ஒரு கிலோ கோழிக்குச் சுருக்கிய கதை இது. (ஹாஸ்டலில் ரைஸ் குக்கர் ஒளித்து வைத்திருப்பவர்களே, அதில் முயற்சி வேண்டாம். வாசனை மூன்று மாடிக்குப் போகும். வார்டன் வருவார்.) சிலி ஆப்பி முப்பது, பழக்கமில்லாதவர்கள் பதினைந்தோடு நிறுத்துங்கள். சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு மூன்று பல், கட்டைவிரல் அளவு பச்சை மஞ்சள், அதே அளவு இஞ்சி. எல்லாவற்றையும் அரைத்து, ரெண்டு தேங்காயின் பாலில் கலந்து, தட்டிய செரை நாலு தண்டு, லெங்குவாஸ் ஒரு துண்டு போட்டு, எண்ணெய் ஒரு சொட்டுகூட ஊற்றாமல், கொதிக்கும்வரை கை எடுக்காமல் கிண்டுங்கள். மாட்டுக்கு நாலு மணி நேரம் பிடிக்கும், கோழி அவ்வளவு தாங்காது. அதனால் குழம்பு பாதியாகச் சுண்டிய பிறகு கோழியைப் போடுங்கள். கூடவே ஒரு வில்லை அசாம் கெப்பிங், பொடியாக நறுக்கிய மஞ்சள் இலை ரெண்டு. எண்ணெய் பிரிந்து, கோழியில் மசாலா ஒட்டிக்கொள்ளும்வரை சின்னத் தீ. உப்பு? முதலில் போடும்போது பத்தலை என்று தோன்ற வேண்டும்.

பெருநாள் அன்று மத்தியானம் ஒரு மணிக்குப் பெரிய பானையைப் பேரப்பிள்ளை ஒருவன் லெமாங் துண்டால் வழித்துக்கொண்டிருந்தான். நான் கிளம்பும்போது ஊவான் ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கோழி ரெண்டாங்கை அமுக்கி வைத்து, நாலு சுற்று பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்தார். குவாலியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அதை வேண்டாம் என்றேன். மறுபடி வந்தால் வேண்டுமே. அவர் அதைக் கழுவித் துடைத்துத் தனியாக ஓர் ஆணியில் மாட்டினார்.

கிள்ளானில் அம்மா சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பாட்டி எட்டிப் பார்த்து, தானும் ஒரு விரல் எடுத்து நக்கினார்.

"அருமையா இருக்குடி. ஆனா உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் அம்மா.

இதை ஊவானிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். மறுநாள் ரூம்மேட்டுக்கு ஃபோன் போட்டு, ஊவானிடம் கொடுக்கச் சொல்லி, சொல்லியேவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஊவான் சிரிக்கிற சத்தம்.

"அந்தச் சட்டிக்கு உப்பு போட்டது நீதானே!"